கிளிக் கேட்டது, பிடி விழவில்லை: ஏடிவி இன்ஜினின் எட்டாத நட்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி கரடுமுரடான தரையில் ஓட்டும் நான்கு சக்கர ஏடிவி. ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், நீர்க்குளிர்ச்சி, 400 சிசியை ஒட்டிய இன்ஜின். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் மாற்றி மேல்பகுதி வேலை முடிந்து சுமார் 15 மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குள் சிலிண்டரின் பின்பக்கம் இடது மூலையில் எண்ணெய் ஈரம். துடைத்தால் ஒரு நாள் உலர்ந்திருக்கும், மறுநாள் புழுதி ஒட்டிக் கறுத்துவிடும். நடுவில் இரண்டு முறை "இன்னும் கொஞ்சம் டைட்" வைத்துப் பார்த்தும் நிற்கவில்லை. இரண்டாவது முறை ஒரு போல்ட்டின் மரையும் போய்விட்டது.

இந்த வகை இன்ஜின்களில் அடிக்கடி கண்ணில் படும் தவறுகளை ஒரே வண்டியில் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறது. நி.மீ. (நியூட்டன்-மீட்டர், முறுக்குவிசையின் அலகு) அளவுகள் கணக்கைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டுகள். கையில் இருக்கும் வண்டிக்கு அதன் சர்வீஸ் மேனுவல் என்ன சொல்கிறதோ அதுதான் அளவு.

இன்ஜின் அமைப்பு வழக்கமானதுதான். சிலிண்டரையும் ஹெட்டையும் கிராங்க்கேஸோடு (இன்ஜினின் அடிப்பெட்டி) சேர்த்துப் பிடிப்பவை நான்கு எம்10 ஸ்டட்கள், அதாவது 10 மி.மீ. தடிமனுள்ள மரைக் கம்பிகள். அவற்றின் தலையில் 14 மி.மீ. நட், அடியில் தடித்த வாஷர். டைமிங் செயின் போகும் பக்கம் இரண்டு எம்6 போல்ட். சிலிண்டரின் முதுகில், த்ராட்டில் பாடிக்குக் கீழே, டைமிங் செயினைத் தொய்யாமல் தள்ளி வைக்கும் டென்ஷனர், அதற்கு இரண்டு எம்6 போல்ட். நான்கு பெரிய நட்டுகளில் மூன்றுக்கு மேலிருந்து நேராக சாக்கெட் இறங்கும். நான்காவது, இடது பின் மூலையில் இருப்பது, சேஸிஸின் மேல்குழாய்க்கு நேர் கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது. நட்டின் தலைக்கும் குழாய்க்கும் இடையே 32 மி.மீ. இடைவெளி. ரிங் ஸ்பேனர் தாராளமாக நுழையும். சாக்கெட்டும் அதன் மேல் டார்க் ரெஞ்சின் (முறுக்குவிசையை அளந்து முடுக்கும் ரெஞ்ச், வைத்த அளவு வந்ததும் கிளிக் சொல்லும்) தலையும் சேர்ந்தால் நுழையாது. கசிவும் அதே மூலையில்தான்.

கசிவு எங்கிருந்து

சிலிண்டரின் பின்பக்கம் எண்ணெய் தெரிந்தால் கை முதலில் டென்ஷனருக்குத்தான் போகும். அதன் கேஸ்கெட் சிறியது, போல்ட் சிறியது, கசிவது சகஜம். இந்த வண்டியிலும் அதுதான் நடந்தது: இரண்டு முறையும் டென்ஷனர் போல்ட்டைத்தான் முடுக்கியிருக்கிறார்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், ஓடும்போது காற்றில் பின்னோக்கியும் பரவும். ஈரம் தெரியும் இடம் கசியும் இடமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

முதலில் டீகிரீஸர் போட்டுச் சிலிண்டரின் நான்கு பக்கமும் கழுவி, காற்றடித்து, முழுக்க உலரவிட்டார்கள். வால்வ் கவர் விளிம்பிலிருந்து கிராங்க்கேஸ் வரை டால்கம் பவுடரை மெல்லிய படலமாகத் தூவி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார்கள். வால்வ் கவர் விளிம்பு வெள்ளையாகவே இருந்தது. டென்ஷனரைச் சுற்றியும் வெள்ளை. சிலிண்டரும் கிராங்க்கேஸும் சேரும் கோட்டில், இடது பின் ஸ்டட்டுக்கு நேராக மட்டும், பவுடரில் நகக்கண் அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. பல ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின்களில் ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் வழி ஏதோ ஒரு ஸ்டட் துளையைச் சுற்றியே போகும். இதில் அது இந்த மூலை. பம்பின் அழுத்தத்தில் எண்ணெய் ஏறும் இடத்தில் பிடி தளர்ந்தால், மற்ற மூன்று மூலையும் சரியாக இருப்பதால் ஒரு பயனும் இல்லை.

நட்டுகளில் எவ்வளவு இருந்தது

முடுக்கிய நட்டில் எவ்வளவு முறுக்குவிசை இருக்கிறது என்று பின்னால் அளப்பது சுலபமில்லை. அவிழ்க்கும்போது வரும் அளவு வழக்கமாக முடுக்கிய அளவைவிடக் குறைவாகவே காட்டும். மேலும் முடுக்கிப் பார்த்தால், ஒட்டிக்கிடக்கும் உராய்வை உடைக்க வேண்டியிருப்பதால் அதிகமாகக் காட்டும். கொஞ்சம் நம்பக்கூடிய வழி கோடு போட்டுப் பார்ப்பது. நட்டின் ஒரு மூலையிலிருந்து ஹெட்டின் உலோகம் வரை கூர்மையான பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. நட்டைக் கால் சுற்று தளர்த்தவும். பிறகு அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் மெதுவாக, ஒரே இழுப்பில், கோடு மறுபடி சேரும் வரை முடுக்கவும். கோடு சேரும் நொடியில் ரெஞ்ச் காட்டுவது பழைய அளவுக்கு அருகில் இருக்கும். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஒரு நட்டை முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

மூன்று நட்டுகள் 39, 40, 41 நி.மீ. காட்டின. மேனுவல் அளவு 40. இடது பின் நட்டுக்கு, கீழே சொல்லும் 90 டிகிரி முறையில் அளந்தபோது, 33.

ஒரே ஹெட்டில் மூன்று மூலை 40-ஐ ஒட்டி, ஒன்று 33. இது 'கொஞ்சம் குறைவு' என்று தள்ளிவிடும் வித்தியாசமில்லை. உலர்ந்த மரையில் முறுக்குக் கெழு (உராய்வு முழுவதையும் சேர்த்து, முறுக்குவிசையைப் பிடியாக மாற்றிக் கணக்கிடும் எண்) 0.2 என்று வைத்துக்கொண்டால், எம்10 நட்டில் 40 நி.மீ. தரும் பிடி ஏறக்குறைய 20,000 நியூட்டன். 33-க்கு அது 16,500. இரண்டு டன்னில் அழுந்த வேண்டிய மூலை சுமார் 350 கிலோ குறைவாக அழுந்துகிறது. அந்த மூலையில்தான் எண்ணெய் அழுத்தமும்.

40 எப்படி 33 ஆனது

இடது பின் நட்டுக்கு நீளமான எக்ஸ்டென்ஷனும் (நீட்டுக்கம்பி) யுனிவர்சல் ஜாயிண்டும் (சாய்ந்தபடியே சுழலும் இணைப்பு) போட்டு, குழாயின் பக்கவாட்டிலிருந்து சாய்வாக முடுக்கியிருந்தது தெரிந்தது. சாய்வு கிட்டத்தட்ட 30 டிகிரி. ரெஞ்சில் 40 வைத்தார்கள், கிளிக்கும் கேட்டது. ஆனால் கிளிக் சொல்வது ரெஞ்சின் சதுரமுனையில் இருந்த முறுக்குவிசையை. நட்டுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பது அதற்குத் தெரியாது.

யுனிவர்சல் ஜாயிண்ட் சாய்ந்திருக்கும்போது முறுக்குவிசையைச் சீராகக் கடத்தாது. சுற்றில் எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பொறுத்து, உள்ளே கொடுப்பதைவிடக் குறைவாகவோ கூடுதலாகவோ வெளியே வரும். 15 டிகிரி சாய்வில் இந்த ஏற்ற இறக்கம் மூன்று, நான்கு சதவீதம். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். 30 டிகிரியில் 13 சதவீதம் குறையலாம், 15 சதவீதம் கூடலாம். ரெஞ்சில் 40 என்றால் நட்டில் 34.6 முதல் 46 வரை எதுவும் இருக்கலாம். ஜாயிண்டின் ஊசிகளின் உரசல், எக்ஸ்டென்ஷன் பக்கவாட்டில் இழுபடுவது, சாக்கெட் நட்டின் மேல் சாய்ந்து உட்காருவது எல்லாம் சேர்ந்தால் 33 வியப்பில்லை. கிளிக் வந்த நிலை சுற்றில் வேறாக இருந்திருந்தால் 46 வந்து ஸ்டட் நீண்டிருக்கும். கோணம் பெரிதானால் யுனிவர்சல் ஜாயிண்ட் நட்டைச் சுழற்றி இறக்கும் வேலைக்கு மட்டுமே உதவும். கடைசி முடுக்கலுக்கு அதை ரெஞ்சோடு சேர்க்கக் கூடாது.

நேரான எக்ஸ்டென்ஷனால் இந்தப் பிரச்சினை கிடையாது. ரெஞ்சும் எக்ஸ்டென்ஷனும் நட்டும் ஒரே அச்சில் இருந்தால், 75 மி.மீ. நீளமோ 250 மி.மீ. நீளமோ, அளவு மாறாது. இழுக்கும்போது ரெஞ்சின் தலையை மறுகையால் பிடித்து எக்ஸ்டென்ஷன் சாயாமல் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

ரெஞ்ச் மீதே சந்தேகம் வந்தால் சோதிப்பது சிரமமில்லை. சதுரமுனையை வைஸில் செங்குத்தாகப் பிடித்து, கைப்பிடியின் நடுவில் லக்கேஜ் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசை மாட்டி, தரைக்கு இணையாகவும் கைப்பிடிக்குச் செங்குத்தாகவும் இழுக்கவும். படுக்கையாக இழுத்தால் ரெஞ்சின் சொந்த எடை கணக்கில் வராது. சதுரமுனையின் நடுவிலிருந்து கைப்பிடி நடுவு வரை 350 மி.மீ. என்றால், 40 நி.மீ.க்கு தராசு 11.65 கிலோ காட்டும்போது கிளிக் வர வேண்டும். இந்த ரெஞ்சில் 11.5-ல் வந்தது. ஆகவே ரெஞ்ச் குற்றமற்றது.

டென்ஷனர் போல்ட்: இரண்டாவது தவறு

கசிவுக்குக் காரணமே இல்லாத டென்ஷனர் போல்ட்டில் மரை போனதற்குத் தனி வரலாறு. எம்6 போல்ட்டுக்கு 10 நி.மீ. போதும், 0.2 கெழுவில் அதுவே சுமார் 8,300 நியூட்டன் பிடி. 8.8 தர எம்6 போல்ட்டின் தாங்கு வரம்பு 12,000 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவு. 15 நி.மீ. வைத்தால் 12,500. போல்ட்டே வரம்பைத் தாண்டிவிடும், அலுமினியத்தில் வெட்டிய மரை அதற்கு முன்பே உரியும். 15 நி.மீ. என்பது பெரிய பலம் ஒன்றும் இல்லை. 120 மி.மீ. நீள ரிங் ஸ்பேனரில் நுனியைப் பிடித்து இழுக்கும் 12.7 கிலோ இழுப்பு. இரண்டு விரலால் இழுக்க வேண்டியதை உள்ளங்கையால் இழுத்தால் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கையைத் திருகிக்கொண்டு முடுக்கும்போது எவ்வளவு இழுக்கிறோம் என்ற உணர்வு இன்னும் மழுங்கிவிடும்.

இதில் இன்னொன்றும் சேர்ந்தது. டென்ஷனரின் கம்பியைப் பின்னிழுத்துப் பூட்டாமல், போல்ட்டை முடுக்கியே அதை உள்ளே தள்ளியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், டென்ஷனர் சாய்ந்து உட்காரும், ஒரு போல்ட்டின் முதல் நான்கைந்து மரைகளே முழுச் சுமையையும் தாங்கும். கெட்டுப்போவதற்கு இதைவிட என்ன வேண்டும்? டென்ஷனர் கேஸ்கெட்டோடு கையாலேயே தட்டையாக உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டுக்கு வேலை.

போன மரைக்கு ஹெலிகாயில் (துளையைப் பெரிதாக்கி உள்ளே ஏற்றும் கம்பிச்சுருள் மரை) போடுவது என்று முடிவானது. சிலிண்டர் எப்படியும் கழல வேண்டியிருந்ததால் இதை மேசையில் வைத்துச் செய்ய முடிந்தது. வண்டியில் இருக்கும்போது செய்வதை யோசிக்கவே வேண்டாம். அந்தத் துளை டைமிங் செயின் குழிக்குள் திறக்கிறது. உலோகத்தூள் உள்ளே விழுந்தால் நேராக ஆயில் பம்ப் வரை போகும். துளைப்பு 6.3 மி.மீ., பிறகு ஹெலிகாயில் பெட்டியிலேயே வரும் டேப், அதன் பள்ளங்களில் தூளைப் பிடிக்க கிரீஸ். 12 மி.மீ. நீள எம்6 இன்சர்ட், மேற்பரப்பிலிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை உள்ளே போய் நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் போல்ட் முடுக்கும்போது கேஸ்கெட் முகத்தைத் தூக்கும். இன்சர்ட்டை ஏற்றும் கருவி பிடித்துச் சுற்றும், கடைசியில் உடைத்தெடுக்கும் அடிநாக்கு இந்தத் துளையில் செயின் குழிக்குள்தான் விழும். சிலிண்டர் மேசையில் இருந்ததால் கவிழ்த்துத் தட்டியதும் வந்து விழுந்தது. எண்ணி வைத்தார்கள்: ஒரு இன்சர்ட், ஒரு நாக்கு.

எட்டாத நட்டுக்குச் சிறந்த கருவி

ஹெட் நட்டுகளில் ஏற்றத்தாழ்வு இருந்தபடியே 15 மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஒரு நட்டை மட்டும் 40-க்குக் கொண்டுவந்தால் போதாதா? போதாது. சிலிண்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் இடையிலுள்ள பேஸ் கேஸ்கெட்டில் ஏற்கெனவே எண்ணெய் வழி தேடிக்கொண்டது. உலோக அடுக்கு ஹெட் கேஸ்கெட் ஒரு முறை அழுந்திய பிறகு தளர்த்தினால் மறுபடி நம்ப முடியாது. இரண்டும் புதிது. அதாவது மேல்பகுதி மறுபடி கழற்ற வேண்டும்.

கழற்றுவதென்று ஆன பிறகு, அந்த நட்டை அடைய எந்த அடாப்டர் வாங்கலாம் என்று தேடுவது தேவையில்லாத அலைச்சல். குழாய் நகராது, ஆனால் இன்ஜின் நகரும். பேட்டரி கேபிள், கூலண்ட் ஹோஸ், சைலன்சர், த்ராட்டில் பாடி ஏற்கெனவே கழன்றிருந்தன. கிராங்க்கேஸின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் கொடுத்து, டிரைவ் செயினை எடுத்து, மேல் மவுண்ட்டையும் பின் மவுண்ட் போல்ட்டுகளையும் உருவி, முன் கீழ் போல்ட்டைக் கீல்போல வைத்துக்கொண்டு இன்ஜினின் பின்பக்கத்தை 45 மி.மீ. இறக்கினார்கள். வயரிங் எதுவும் இழுபடவில்லை என்று பார்த்துக்கொண்டார்கள். 32 மி.மீ. இடைவெளி 70-ஐத் தாண்டியது. சாக்கெட்டும் ரெஞ்சும் நேராக இறங்கின. கூடுதல் வேலை முக்கால் மணி நேரம். ஸ்விங் ஆர்ம் அச்சு கிராங்க்கேஸ் வழியாகவே போகும் மாடல்களில் இது இவ்வளவு சுலபமாக நடக்காது. அவற்றில் இன்ஜினை முழுதாக வெளியே எடுத்து மேசையில் முடுக்குவதுதான் சுருக்க வழி, கேட்பதற்கு நீளமாக இருந்தாலும்.

முடுக்கிய முறை

ஸ்டட் மரைகளைக் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்து, பழைய கேஸ்கெட் சிதறல் ஒட்டியிருந்த இடத்தில் மரையை வெட்டாமல் சுத்தம் மட்டும் செய்யும் மரை சேஸர் ஓட்டினார்கள். வெட்டும் டேப்பை இதற்கு எடுக்கக் கூடாது, அது நல்ல உலோகத்தையும் சேர்த்து வெட்டும். அடி மூடிய குருட்டுத் துளைகள் இருந்தால் அடியில் தேங்கிய எண்ணெயையும் கூலண்டையும் கிளீனர் பீய்ச்சி, கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடித்து எடுக்க வேண்டும். திரவம் சுருங்காது. போல்ட் இறங்கும்போது அதற்குப் போக வழியில்லாவிட்டால் அலுமினியம் விரிசல் விடும். அல்லது ரெஞ்ச் கிளிக் ஆகும், பிடி இருக்காது. தவறான இடத்தில் நீளமான போல்ட்டைப் போட்டாலும் இதே கதைதான்: 25 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 30 மி.மீ. எம்6 போட்டால் நுனி துளையின் அடியில் முட்டி, 10 நி.மீ.க்கு அழகாகக் கிளிக் சொல்லும், கேஸ்கெட் சும்மா இருக்கும். கழற்றும்போதே ஓர் அட்டையில் இன்ஜினின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளை குத்திப் போல்ட்டைச் செருகி வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

எண்ணெய் விஷயத்தில் பலரும் தடுமாறுவார்கள். மேனுவல் "மரையிலும் வாஷர் முகத்திலும் இன்ஜின் ஆயில்" என்று சொன்னால் பூசியே ஆக வேண்டும், உலர் என்றால் உலர்வாகவே. கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பாதி நட்டின் அடிமுகத்து உராய்வில் போகும், இன்னொரு 40 சதவீதம் மரையின் உராய்வில் போகும், உண்மையான பிடியாக மாறுவது பத்தில் ஒரு பங்குதான். உராய்வைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்தப் பத்தில் ஒரு பங்கு குபீரென்று ஏறும். கெழு 0.2-லிருந்து 0.15 ஆனால், அதே 40 நி.மீ. 20,000-க்குப் பதில் 26,700 நியூட்டன் தரும். இந்த இன்ஜினுக்கு எண்ணெய் பூசச் சொல்லியிருந்தது. நான்குக்கும் ஒரே அளவு, ஒரு துளியை விரலால் பரப்பி. மூன்றுக்குப் பூசி, எட்டாத நட்டை உலர்வாகவே போட்டுவிடுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும் தவறு. வாஷர்கள் புதியவை. ஒரு பக்கம் விளிம்பு மழுங்கலாக இருந்தால் அந்தப் பக்கம் நட்டை நோக்கி.

நான்கு நட்டுகளையும் விரலால் மரை பிடிக்க வைத்தபின்தான் கருவி. கண்ணுக்குத் தெரியாத நட்டையோ போல்ட்டையோ தொடங்கும்போது முதலில் இடப்பக்கம் மெதுவாகச் சுற்ற வேண்டும். மரையின் தொடக்கம் 'டக்' என்று விழுவது விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம். கை நுழையாத டென்ஷனர் போல்ட்டுக்கு, அதன் தலையில் இறுக்கமாக உட்காரும் 150 மி.மீ. எரிபொருள் ஹோஸ் துண்டை மாட்டிச் சுழற்றினார்கள். மரை மாறி ஏறினால் ரப்பர் வழுக்கிவிடும், மரையைக் கெடுக்கும் பலம் அதற்கு இல்லை. சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் இந்த மரியாதையைக் காட்டாது.

பிறகு குறுக்குவாக்கில் மூன்று கட்டம்: வலது முன், இடது பின், இடது முன், வலது பின். முதல் சுற்று 15 நி.மீ., அடுத்து 28, கடைசியாக 40. கடைசி இழுப்பு ஒவ்வொன்றிலும் நிதானமாக, ஒரே ஓட்டமாக, கிளிக் வந்ததும் நிறுத்தி. உறுதிக்காக இரண்டாம் முறை கிளிக் வைப்பது உறுதியைக் கூட்டாது, முறுக்குவிசையைத்தான் கூட்டும். இன்ஜின் அறை வெப்பநிலையில் இருந்தது. அலுமினியம் சூட்டில் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடான ஹெட்டில் 40 வைத்தால் குளிர்ந்தபின் பிடி தளர்ந்துவிடும். செயின் பக்க எம்6 இரண்டும் கடைசியில், 10 நி.மீ. அவற்றை முதலில் முடுக்கினால் ஹெட் அந்தப் பக்கம் சாய்ந்து உட்காரும்.

எம்6 போல்ட்டுக்குப் பெரிய அரை அங்குல ரெஞ்சைத் தூக்குவதும் அடிக்கடி நடக்கும் பிழை. எந்த ரெஞ்சும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. 40 முதல் 200 வரை உள்ள ரெஞ்சில் 10 என்று ஒரு இடமே இல்லை. 5 முதல் 25 வரையுள்ள கால் அங்குல ரெஞ்ச் இதற்குத் தனியாக வேண்டும். அதிலும் 10-ல் கிளிக் மிக மெல்லியது. பக்கத்தில் ஏர் கம்ப்ரஸர் ஓடினால் காதுக்கு எட்டாது, கைக்குத்தான் தெரிய வேண்டும். அளவு முறையையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 10 நி.மீ. என்பது 88.5 அங்குல-பவுண்டு, அல்லது 7.4 அடி-பவுண்டு. அங்குல-பவுண்டை அடி-பவுண்டாகப் படித்தால் பன்னிரண்டு மடங்கு. எந்த எம்6-ம் அதைத் தாங்காது.

டென்ஷனரின் கீழ் போல்ட்: குரோஃபுட் கணக்கு

இன்ஜினை இறக்கியும் ஒரு போல்ட்டுக்கு நேர்வழி கிடைக்கவில்லை. டென்ஷனரின் கீழ் போல்ட். அதற்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் இடையே சாக்கெட் நுழையாது. இங்கேதான் குரோஃபுட்டுக்கு நியாயமான வேலை: ரெஞ்சின் சதுரமுனையில் பக்கவாட்டில் மாட்டும், காக்கைக் கால் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேனர் தலை.

குரோஃபுட் ரெஞ்சோடு நேர்கோட்டில் நீட்டியிருந்தால் நெம்புகோல் நீளும். ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாகப் போல்ட்டுக்குப் போகும். அதற்கான கணக்கு:

ரெஞ்சில் வைக்க வேண்டியது = வேண்டிய அளவு × ரெஞ்ச் நீளம் ÷ (ரெஞ்ச் நீளம் + குரோஃபுட் நீளம்)

ரெஞ்ச் நீளம் என்பது சதுரமுனையின் நடுவிலிருந்து கை பிடிக்கும் இடத்தின் நடுவு வரை. குரோஃபுட் நீளம் சதுரத் துளையின் நடுவிலிருந்து போல்ட்டின் நடுவு வரை. இங்கே 250-ம் 30-ம். 10 × 250 ÷ 280 = 8.9 நி.மீ. கணக்குப் போடாமல் 10 வைத்திருந்தால் போல்ட்டில் 11.2 விழுந்திருக்கும். புதிதாகப் போட்ட ஹெலிகாயிலுக்கு அது ஆபத்தில்லை, ஆனால் 30 மி.மீ.க்குப் பதில் 80 மி.மீ. நீட்டம் போட்டால் 13.2 ஆகிவிடும். கை பிடிக்கும் இடம் மாறினாலும் கணக்குத் தப்பும். கைப்பிடியில் குழாய் செருகி நீட்டினால் இந்தச் சமன்பாட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குரோஃபுட்டை ரெஞ்சுக்கு 90 டிகிரியில் திருப்பி மாட்டினால் கணக்கே வேண்டாம். இழுக்கும் விசை கைப்பிடிக்குச் செங்குத்தாக இருக்கும் வரை, போல்ட்டுக்கும் அதே அளவுதான் போகும். இடம் கிடைத்தால் எப்போதும் 90 டிகிரி. கழற்றும் முன் இடது பின் நட்டை அளந்ததும் இப்படித்தான்: குரோஃபுட்டை நட்டில் மாட்டி, ரெஞ்சைக் குழாயின் பக்கவாட்டில் வைத்து. டென்ஷனர் போல்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் பக்கமாக 90 டிகிரி கிடைத்தது. ரெஞ்சில் 10, ஒரு கையால் குரோஃபுட்டின் தலை தூக்காமல் அழுத்திப் பிடித்து, மறு கையால் இழுத்து. திறந்த வாய் குரோஃபுட் எம்6 தலையில் விரியும் பழக்கம் உள்ளது. அதனால் ரிங் வகைதான், ஆறுமுனையில்.

குரோஃபுட்டும் நுழையாத போல்ட் வந்தால் தராசும் ரிங் ஸ்பேனரும் உண்டு. 120 மி.மீ. ஸ்பேனரின் நுனித் துளையில் லக்கேஜ் தராசை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக 8.5 கிலோ இழுத்தால் 10 நி.மீ. அழகான முறை என்று யாரும் சொல்லமாட்டார்கள். உத்தேசமாக முடுக்குவதைவிட எவ்வளவோ மேல். பந்துமுனை ஆலன் கீயைச் சாய்த்துக் கடைசி முடுக்கலுக்குப் பயன்படுத்துவது மட்டும் வேண்டாம். அதன் கழுத்து மெலிந்தது. அது முறிந்தால், உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுப்பதே தனி வேலை.

இன்ஜினைத் தூக்கி வைத்தது

இறக்கிய இன்ஜினை ஏற்றும்போது மவுண்ட் போல்ட்டுகள் எல்லாவற்றையும் முதலில் தளர்வாகவே செருகினார்கள். ஏதாவது ஒன்று கையால் நுழையாமல் அடம்பிடித்தால், சுத்தியலை எடுக்காமல் ஜாக்கைச் சில மி.மீ. ஏற்றி இறக்கினாலே துளை நேராகும். எல்லாம் நுழைந்ததும் ஜாக்கைத் தளர்த்தி இன்ஜின் எடை மவுண்ட்டில் உட்கார்ந்த பிறகு முடுக்கல், மேனுவல் சொன்ன வரிசையில். ஒன்றை முன்கூட்டியே முழுக்க முடுக்கினால் மற்றவை இன்ஜினை வளைத்து இழுக்கும். கிராங்க்கேஸின் காதுகள் அந்த இழுப்பை எப்போதும் சுமந்துகொண்டிருக்கும், அதிர்வில் ஒருநாள் விரிசல் விடும். நீளமான மவுண்ட் போல்ட்டில் தலையைப் பிடித்து நிறுத்தி, நட்டு பக்கம்தான் டார்க் ரெஞ்ச். தலையைச் சுற்றினால் போல்ட்டின் தண்டு துளையில் உரசும், அந்த உரசலும் ரெஞ்சின் கணக்கில் சேர்ந்துவிடும். நைலான் வளையம் உள்ள லாக் நட்டுகளை மாற்றிப் புதிது போட்டார்கள்.

எண்ணெய், கூலண்ட் நிரப்பி, காற்று வெளியேற்றி, பத்து நிமிடம் ஓட்டி, குளிரவிட்டு, மறுபடி பவுடர். பின் ஒரு மணி நேரம் மேடு பள்ளத்தில் ஓட்டியபின்னும் இடது பின் மூலை வெள்ளையாகவே இருந்தது. நான்கு ஹெட் நட்டிலும், டென்ஷனர் போல்ட்டிலும், மவுண்ட்டுகளிலும் முடுக்கியதும் போட்ட மஞ்சள் பெயிண்ட் கோடுகள் உடையாமல் நேராக இருந்தன. ஹெட் நட்டுகளை மறுமுறை முடுக்கவில்லை. இந்த இன்ஜினின் மேனுவல் அப்படிக் கேட்கவில்லை. கேட்கும் இன்ஜின்களில் அது இரவு முழுக்கக் குளிர்ந்தபின் காலையில் செய்யும் வேலை.

சர்வீஸ் அட்டையில் இரண்டு வரி எழுதி வைத்தார்கள். "இடது பின் ஹெட் நட்: இன்ஜின் பின்பக்கம் 45 மி.மீ. இறக்கி நேர் சாக்கெட், 40. டென்ஷனர் கீழ் போல்ட்: ஹெலிகாயில் போட்டது, குரோஃபுட் 90 டிகிரி, 10."